முகத்துல ஒன்னும் காட்டாத மனுசன்

மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு சில செகண்ட் முன்னாடி, எல்லாரும் நடு வட்டத்துகிட்ட வந்து நிக்கும்போது, பேஸ்கட்பால் வீரர் டிம் டங்கன் பந்தை ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேர்த்து அணைச்சுக்குவார். தூங்குற குழந்தைய வாங்கி தோள்ல போட்டுக்குற மாதிரி ஒரு அணைப்பு. கண்ணு எங்கயோ பார்த்துட்டு இருக்கும். அப்புறம் பந்தை ரெஃப்ரிகிட்ட குடுத்துட்டு வேலைய பார்க்க ஆரம்பிச்சிடுவார், அதுக்கப்புறம் ரெண்டரை மணி நேரத்துக்கு அந்த முகத்துல இருந்து நமக்கு எந்த தகவலும் கிடைக்காது. ஜெயிச்சாலும் அதே முகம், தோத்தாலும் அதே முகம், ரெஃப்ரி தப்பா ஃபவுல் குடுத்தா மட்டும் கண்ணு ரெண்டும் பெருசாகி, நானா, நான் என்ன பண்ணேன்னு ஒரு பார்வை.

பேஸ்கட்பால் பார்க்குறவங்ககிட்ட யாரு பிடிக்கும்னு கேட்டா ஜோர்டன், கோபி, லெப்ரான், கரினு வரிசையா வரும். நான் டங்கன்னு சொன்னா ஒரு செகண்ட் அமைதி, அப்புறம் "நல்ல பிளேயர்தான், ஆனா போரிங்ப்பா" அப்படின்னு வரும். இந்த போரிங்குற வார்த்தை அவரு விளையாடின 19 வருசமும் அவரு கூடவே வந்துச்சு. அமெரிக்கால டிவிக்காரங்களே சொன்னாங்க, அவரோட டீம் ஸ்பர்ஸ் ஃபைனல்ஸ் வந்தா பார்க்குற கூட்டம் குறையுதுன்னு பேசுனாங்க. எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு ஆதங்கம் இருக்கு, அதைத்தான் இன்னைக்கு எழுதித் தீர்த்துடலாம்னு உக்காந்தேன். ஏன்னா அவரோட கதைய முழுசா படிச்சவங்க யாரும் அந்த முகத்தைப் பார்த்து இவருக்கு உணர்ச்சியே இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.

கதை ஒரு நீச்சல் குளத்துல ஆரம்பிக்குது. கரீபியன் கடல்ல செயின்ட் குரோய்னு ஒரு குட்டித் தீவு, அமெரிக்காவோட வர்ஜின் தீவுகள்ல ஒன்னு. அங்க 1976 ஏப்ரல் 25ல பிறந்தவர். அப்பா வில்லியம் கொத்தனார், அம்மா அயோனி பிரசவம் பார்க்குற மருத்துவச்சி. வீட்டுல எல்லாரும் நீச்சல். அக்கா ட்ரிசியா 1988 சியோல் ஒலிம்பிக்ஸ்ல அந்தத் தீவுகளுக்காக பேக்ஸ்ட்ரோக் நீந்தினாங்க. தம்பிக்காரன் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல அந்த வயசு பசங்கள்ல அமெரிக்கா அளவுலயே முன்னணில இருந்தான், 1992 ஒலிம்பிக்ஸ்தான் குறி. பந்து கையில எடுக்கணும்னு கனவுல கூட நினைச்சிருக்க மாட்டான்.

1989 செப்டம்பர்ல ஹியூகோ புயல் அடிச்சுது. செயின்ட் குரோய் சின்னாபின்னமாயிடுச்சு. தீவுல ஒலிம்பிக் அளவுல இருந்ததே ஒரே ஒரு நீச்சல் குளம், அது போச்சு. கோச் எல்லாரையும் கடல்ல நீந்த கூட்டிட்டுப் போகப் பார்த்தாரு, இந்தப் பையனுக்கு சுறாமீன்னா பயம், வர மாட்டேன்னுட்டான். இந்த இடத்தைப் படிக்கும்போது எல்லாரும் ஆகா புயல் வந்ததாலதான் நமக்கு டங்கன் கிடைச்சாருன்னு சந்தோசமா எழுதுவாங்க, எனக்கு அப்படி எழுத மனசு வராது, ஏன்னா அடுத்து நடந்தது அப்படி. அம்மாவுக்கு ஏற்கனவே மார்பகப் புற்றுநோய். 1990ல, பையனோட 14வது பிறந்தநாளுக்கு முதல் நாள் இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் அவன் போட்டி நீச்சல் பக்கம் திரும்பவே இல்ல.

அம்மா போறதுக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட ஒரு வாக்கு வாங்கினாங்க, எல்லாரும் காலேஜ் முடிச்சு டிகிரி வாங்கணும்னு. இன்னொன்னு, சின்ன வயசுல இருந்து அவங்க சொல்லிக்குடுத்த ஒரு குட்டிப் பாட்டு உண்டு, நல்லா இருக்குறத இன்னும் நல்லா ஆக்கு, அதை விட நல்லா ஆக்குற வரைக்கும் ஓயாதேங்குற அர்த்தத்துல. இந்த ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அம்மா போனதுக்கப்புறம் பெரிய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் அமெரிக்காவுல இருந்து தீவுக்கே திரும்பி வந்துட்டாங்க. அந்த மாமா காலேஜ்ல பேஸ்கட்பால் ஆடினவர். துக்கத்துல சுருண்டு கிடக்குற மச்சினனை வெளிய இழுத்துட்டு வந்து பந்தைக் குடுத்தார். அப்ப பையன் ஆறடி சுமாருக்குத்தான் இருந்தானாம், இதுக்கு மேல பெருசா வளர மாட்டான்னு நினைச்சு மாமா அவனுக்கு வெளிய இருந்து ஆடுற சின்ன பிளேயர்ஸ் ஆட்டத்தையே சொல்லிக்குடுத்தார், பந்தைத் தட்டிட்டு நகர்றது, பாஸ் பண்றது, ரிங்கைப் பார்த்து நின்னு ஷாட் எடுக்குறது. பையனோ வளர்ந்துட்டே போனான். கடைசில 6 அடி 11 அங்குல உடம்புல ஒரு சின்ன பிளேயரோட கைவேலை இருந்துச்சு. பின்னாடி அமெரிக்காவோட பெரிய பேஸ்கட்பால் லீக்கான என்.பி.ஏ.ல அவரு பாஸ் குடுக்குறத பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாமாதான் ஞாபகம் வருவார்.

முறையா ஆட ஆரம்பிச்சதே 9வது படிக்கும்போது. மத்த ஸ்டார்ங்க எல்லாம் அஞ்சு வயசுல பந்து எடுத்தவங்க. பின்னாடி என்.பி.ஏ. ஸ்டாரான அலோன்சோ மோர்னிங் மாதிரி ஆளுங்க ஒரு டீமா தீவுக்கு வந்தப்ப 16 வயசு டங்கன் அவருக்கு சரிக்குச் சமமா நின்னான்னு ஒரு கதை உண்டு. அது காதுக்கு காது போயி, நார்த் கரோலினால இருக்குற வேக் ஃபாரஸ்ட் யுனிவர்சிட்டி கோச் டேவ் ஓடம் பையனைப் பார்க்க தீவுக்கே வந்துட்டாரு.

இந்த சந்திப்புதான் எனக்கு டங்கன் வாழ்க்கையிலயே பிடிச்ச சீன். கோச் பேசுறாரு, காலேஜைப் பத்தி, டீமைப் பத்தி, எதிர்காலத்தைப் பத்தி. பையன் வெறிச்சுப் பார்த்துட்டே உக்காந்திருக்கான். தலையாட்டல் இல்ல, கேள்வி இல்ல. இவன் கவனிக்கவே இல்லையேன்னு கோச்சுக்கு கஷ்டமா போச்சு. பேசி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, பையன் எல்லாத்தையும் உள்ள வாங்கிட்டுத்தான் இருந்திருக்கான், அவன் கவனிக்கிற விதமே அப்படித்தான். அந்த 16 வயசுப் பையனைப் பத்தி கோச்சுக்கு ஒரு நாள்ல புரிஞ்சது, உலகத்துக்குப் புரிய 20 வருசம் ஆச்சு, சில பேருக்கு இன்னும் புரியல.

காலேஜ்ல முதல் மேட்ச்ல ஒரு பாயிண்ட் கூட எடுக்கல, சைபர். அதுலருந்து ஒரு வருசம் ரெண்டு வருசத்துல, நாட்டுலயே சிறந்த காலேஜ் பிளேயர் யாருன்னு பேசும்போது இவரு பேரு வர ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டாவது வருசம் முடிஞ்சதும் என்.பி.ஏ.க்கு போயிருந்தா, டீம்ங்க புது ஆளுங்களை வரிசையா தேர்ந்தெடுக்குற டிராஃப்ட்ல முதல் ஆளாவே எடுத்திருப்பாங்கன்னு பெரிய தலைங்க சொன்னாங்க. கோடிக்கணக்குல பணம். கால்ல ஒரு அடி பட்டா மொத்தமும் போயிடும், அதனாலதான் எல்லாரும் சீக்கிரம் ஓடுறாங்க. இவரு போகல. மூணாவது வருசமும் போகல. நாலு வருசம் முழுசா இருந்து 1997ல சைக்காலஜில டிகிரி வாங்கிட்டுதான் கிளம்பினாரு. அம்மாவுக்குக் குடுத்த வாக்கு. அந்தப் படிப்புல அவர் பங்கெடுத்த ஒரு ஆராய்ச்சி, தற்பெருமை பேசுறவங்களை மத்தவங்க எப்படிப் பார்க்குறாங்கங்குறதப் பத்தினது, அது ஒரு புத்தகத்துல அத்தியாயமா வந்திருக்கு, எழுதினவங்க பட்டியல்ல டங்கன் பேரும் இருக்கு. அவரோட 19 வருச ஆட்டத்தைப் பார்த்தவங்களுக்கு அந்தத் தலைப்பு ஆச்சரியமாவே இருக்காது.

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கதைக்கு வருவோம். அவங்க நல்ல டீம், ஆனா 1996-97 சீசன்ல அவங்க ஸ்டார் டேவிட் ராபின்சன் அடிபட்டு ஆறே ஆறு மேட்ச்தான் ஆடினார், டீம் 20 ஜெயிச்சு 62 தோத்துச்சு. கோச்சை மாத்தி கிரெக் போபோவிச்னு ஒருத்தர், அதுவரை மேனேஜரா இருந்தவர், தானே கோச்சா உக்காந்தார். டிராஃப்ட்ல யாரு முதல்ல எடுக்குறதுன்னு சீட்டுப் போடுற லாட்டரில பாஸ்டனுக்குத்தான் வாய்ப்பு அதிகம், அவங்க டங்கனை மனசுல வச்சே இருந்தாங்க. சீட்டு ஸ்பர்ஸுக்கு விழுந்துச்சு. டிராஃப்ட் முடிஞ்சதும் போபோவிச் பிளைட் பிடிச்சு செயின்ட் குரோய்க்கே போனாரு, டங்கன் கூட கடல்ல நீந்தினாரு, கரையில உக்காந்து பேசினாரு, பேஸ்கட்பாலைப் பத்தி கொஞ்சமாத்தான், மிச்சம் எல்லாம் வாழ்க்கையப் பத்தி. அவங்க அப்பாவையும் பார்த்தார். அந்தப் பேச்சு 19 வருசம் நிக்கலைன்னு வச்சுக்கோங்க.

அடுத்த சீசன் 56 ஜெயிப்பு, 26 தோல்வி. ஒரே வருசத்துல 36 மேட்ச் கூடுதல். முதல் வருசத்துலயே சராசரி 21.1 பாயிண்ட், 11.9 ரீபவுண்ட் (தவறின ஷாட்டைப் பிடிக்கிறது), அந்த வருசத்தோட சிறந்த அஞ்சு பேர்ல ஒருத்தர். இதுல ராபின்சனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், ஏற்கனவே எம்.வி.பி., அதாவது சிறந்த வீரர் விருது வாங்கின பெரிய ஆளு, டீமோட முகமே அவருதான், ஒரு புதுப் பையன் வந்ததும் பொறாமைப்படாம அவனுக்கு நடு இடத்தை விட்டுக்குடுத்து தான் கொஞ்சம் ஒதுங்கி நின்னார். அப்படி விட்டுக்குடுக்குறத பக்கத்துல இருந்து பார்த்ததாலதான் டங்கனும் பின்னாடி டீமுக்கு வந்த டோனி பார்க்கருக்கும் மனு ஜினோபிலிக்கும் அப்புறம் கவாய் லெனர்டுக்கும் அப்படியே விட்டுக்குடுத்தார்னு நான் நம்புறேன். 1999ல நியூயார்க் நிக்ஸை 4-1ல அடிச்சு ஸ்பர்ஸுக்கு முதல் கோப்பை, ஃபைனல்ஸ் எம்.வி.பி. டங்கன். விளையாட ஆரம்பிச்சு ரெண்டாவது வருசம்.

சரி, இப்ப அந்த ஷாட். போரிங்னு சொல்றவங்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாவே எழுதணும்.

ரிங்குக்கு இடது பக்கம், பத்து பன்னிரண்டு அடி தூரத்துல பந்தை வாங்குவார். முதுகைக் காட்டி நிக்காம ரிங்கைப் பார்த்துத் திரும்பிடுவார். பந்து தலைக்கு மேல இல்லன்னா நெஞ்சுகிட்ட. ஒரு காலை லேசா முன்னாடி வச்சு, உள்ள பாயப் போறேன்னு ஒரு பாவனை. எதிராளி அரை அடி பின்வாங்குவான், அந்த அரை அடி போதும். எழும்பி, பந்தை நேரா ரிங்குக்கு விடாம போர்டுல இருக்குற சின்ன சதுரத்தோட மேல் மூலைக்கு அனுப்புவார். டப். உள்ள. அவ்வளவுதான். இதை எல்லாரும் ஸ்கூல்ல கத்துக்குறோம், பெரிய ஆளானதும் மறந்துடுறோம், ஏன்னா பார்க்க அழகா இல்லையாம், வலைய மட்டும் தொட்டு விழுந்தாதான் அழகாம். ஆனா பக்கவாட்டுல 45 டிகிரி கோணத்துல நிக்கும்போது போர்டுல அடிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நேரா விடும்போது கொஞ்சம் கூடுதலா விசை போயிட்டாலும் ரிங்குல அடிச்சு வெளிய வந்துடும், போர்டுல பட்டா அந்த வேகத்தைப் போர்டு வாங்கிக்கும், பந்து சாந்தமா கீழ இறங்கும். ஆனா எந்த இடத்துல இருந்து எறிஞ்சா எந்தப் புள்ளில படணும்னு உடம்புக்கே தெரிஞ்சிருக்கணும், ஒருத்தன் கை முகத்துக்கு முன்னாடி ஆடிட்டு இருக்கும்போது அந்தக் கணக்கு தப்பக் கூடாது. இதை ஒருத்தர் 19 வருசம், ஆயிரத்துச் சொச்சம் மேட்ச்ல, வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சும் தடுக்க முடியாத மாதிரி பண்ணினாரு. நல்லா இருக்குறத இன்னும் நல்லா ஆக்குன்னு சொன்ன அந்த அம்மாவோட பாட்டு எனக்கு இந்த ஷாட்லதான் கேக்கும். ஷாக்கில் ஓனீல் இவருக்கு வச்ச பேரு பிக் ஃபண்டமென்டல். எத்தனையோ பேருக்குப் பட்டப்பேரு வச்சவர் ஷாக், இதுதான் அதுல பெஸ்ட்.

டிஃபென்ஸும் அப்படித்தான். நிறைய பேரு பிளாக் பண்ணும்போது, அதாவது எதிராளி ஷாட்டைத் தடுக்கும்போது, பந்தை மூணாவது வரிசைக்கு அடிச்சுத் தள்ளுவாங்க, கூட்டம் கத்தும், ஆனா பந்து மறுபடி எதிர் டீமுக்குத்தான் போகும். டங்கன் பெருசா எகிறக்கூட மாட்டார், கையை உயர்த்தி, பந்தை ஒரு தட்டு தட்டி, உள்ளயே வச்சு தன்னோட ஆளுகிட்ட சேர்த்துடுவார். 3,020 பிளாக், ஓய்வு பெறும்போது வரலாற்றுலயே 5வது இடம். சீசன் முடிஞ்சு கோப்பைக்காக நடக்குற பிளேஆஃப்ல மட்டும் 568, அது முதல் இடம். 15 தடவை சிறந்த டிஃபென்ஸ் அணியில தேர்வானார், ஆனா வருசத்தோட சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது ஒரு தடவை கூட குடுக்கல. இது எனக்கு இன்னும் ஆறல.

2003 அவரோட உச்சம்னு சொல்லலாம். ரெண்டாவது முறை தொடர்ச்சியா எம்.வி.பி., மூணு வருசமா கோப்பையைத் தூக்கிட்டிருந்த லேக்கர்ஸை அவங்க ஊர்லயே 37 பாயிண்ட், 16 ரீபவுண்ட் எடுத்து வெளிய அனுப்பினாரு, ஃபைனல்ஸ்ல நியூ ஜெர்சி நெட்ஸோட 6வது மேட்ச்ல 21 பாயிண்ட், 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (கூட ஆடுறவங்க பாயிண்ட் எடுக்க குடுத்த பாஸ்), 8 பிளாக். இன்னும் ரெண்டே ரெண்டு பிளாக் கிடைச்சிருந்தா நாலு கணக்குலயும் பத்தைத் தொட்டு, ஃபைனல்ஸ்ல யாருமே பண்ணாத சாதனை வந்திருக்கும். அது ராபின்சனோட கடைசி மேட்ச், அவரும் அன்னைக்கு 13 பாயிண்ட், 17 ரீபவுண்ட். முடிஞ்சதும் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்ட காட்சில டங்கன் முகம் எப்படி இருக்குன்னு போய் பாருங்க, அப்புறம் உணர்ச்சி இல்லாத ஆளுன்னு சொல்லுங்க.

நடுவுல வந்த வருசங்களை வேகமா சொல்லிடுறேன். 2004ல லேக்கர்ஸோட ஷாக் மேலயே விழுந்தபடி ஒரு ஷாட் போட்டு ஸ்பர்ஸை முன்னாடி கொண்டு வந்தார், மிச்சம் 0.4 செகண்ட், அந்த 0.4 செகண்ட்ல டெரெக் ஃபிஷர் ஒரு ஷாட் போட்டு ஜெயிச்சுட்டாங்க, உலகம் ஃபிஷரைத்தான் ஞாபகம் வச்சிருக்கு. அதே வருசம் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்காவுக்கு வெண்கலம், அதோட சரி. 2005ல டெட்ராய்ட் பிஸ்டன்ஸை 7 மேட்ச் வரை போய் ஜெயிச்சாங்க. 2008ல ஃபீனிக்ஸோட முதல் மேட்ச், ஓவர்டைம் முடிய மூணு செகண்ட், மூணு பாயிண்ட் பின்னாடி, பந்து டங்கன்கிட்ட, அந்த சீசன் பூரா ஒரு மூணு பாயிண்ட் ஷாட் கூட உள்ள போடாத ஆளு, யாரும் தடுக்கவே வரல, போட்டாரு, விழுந்துச்சு, ரெண்டாவது ஓவர்டைம்ல ஸ்பர்ஸ் ஜெயிப்பு.

2007 ஏப்ரல்ல டல்லாஸ்ல நடந்தத விட்டுட முடியாது. டங்கன் பெஞ்ச்ல உக்காந்து சிரிச்சுட்டு இருந்தாருன்னு ரெஃப்ரி ஜோயி கிராஃபர்ட் டெக்னிக்கல் ஃபவுல் குடுத்து வெளிய அனுப்பிட்டாரு. சிரிச்சதுக்கு! சண்டை போடுறியான்னு ரெஃப்ரி கேட்டதா டங்கன் சொன்னாரு. கிராஃபர்டை அந்த சீசன் மிச்சத்துக்கு லீக் நிறுத்தி வச்சுது. முகத்துல எதுவும் காட்டலைன்னா ஒரு குறை, காட்டினா வெளிய போ. அந்த வருசமே க்ளீவ்லேண்டை 4-0னு அடிச்சு நாலாவது கோப்பை, எதிர்ல 22 வயசு லெப்ரான் ஜேம்ஸ். மேட்ச் முடிஞ்சு உள்ள போற வழியில டங்கன் அவரைக் கட்டிப்பிடிச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல இந்த லீக்கே உன்னோடதுதான், இந்த வருசத்தை எங்களுக்கு விட்டதுக்கு நன்றின்னு சொன்னது கேமராவுல பதிவாகி இருக்கு. சொன்னபடியே ஆச்சு, அதுவும் இவரையே அடிச்சு ஆச்சு.

அதுக்கப்புறம் அஞ்சு வருசம் ஃபைனல்ஸ் இல்ல. முட்டி வலி, இடது முட்டில பெரிய பிரேஸ். 2011ல 61 மேட்ச் ஜெயிச்சு முதல் இடத்துல இருந்த ஸ்பர்ஸை 8வது இடத்துல இருந்த மெம்ஃபிஸ் வெளிய தள்ளுச்சு, டங்கன் முடிஞ்சாருன்னு எழுதினாங்க. 2012ல ஒரு மேட்ச்ல அவருக்கு ஓய்வு குடுத்த போபோவிச், ஆடாததுக்குக் காரணம்னு போடுற இடத்துல வயசாயிடுச்சுன்னு எழுதி அனுப்பினார், அவங்க ரெண்டு பேருக்குள்ள அந்த உரிமை இருந்துச்சு. டங்கன் உடம்பு எடையக் குறைச்சார், முட்டிக்குப் பாரம் குறையட்டும்னு. சம்பளத்தையும் குறைச்சுக்கிட்டார், வருசத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல வாங்கிட்டு இருந்தவர் 2012ல 1 கோடிக்கும் கீழ இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார், மிச்சப் பணத்துல டீம் நல்ல ஆளுங்களை வச்சுக்கட்டும்னு. அடுத்த சீசன், 37வது வயசை தொடும்போது, லீக்கோட முதல் அஞ்சு பேர்ல மறுபடி ஒருத்தர்.

2013 ஃபைனல்ஸ். மயாமி, லெப்ரான். இதை எழுத எனக்கே கை கொஞ்சம் தயங்குது. 6வது மேட்ச்ல டங்கன் முதல் பாதிலயே 25 பாயிண்ட், மொத்தம் 30 பாயிண்ட், 17 ரீபவுண்ட். 28 செகண்ட் இருக்கும்போது ஸ்பர்ஸ் 5 பாயிண்ட் முன்னாடி. கோப்பை குடுக்குறதுக்கு மஞ்சள் கயிறெல்லாம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கடைசி நேரத்துல மூணு பாயிண்ட் ஷாட்டைத் தடுக்க வேகமான ஆளுங்க வேணும்னு போபோவிச் டங்கனை வெளிய எடுத்து உக்கார வச்சார். லெப்ரான் விட்டது தவறுச்சு, ரீபவுண்ட் கிறிஸ் பாஷ்கிட்ட போச்சு, அவர் மூலைல நின்ன ரே ஆலனுக்கு தள்ளினார், 5.2 செகண்ட் இருக்கும்போது அது உள்ள விழுந்து 95-95. ஓவர்டைம்ல தோல்வி. ரீபவுண்ட்ல ராஜாவான ஆளு அந்த ஒரு ரீபவுண்டுக்கு மட்டும் பெஞ்ச்ல இருந்தார். அவரு அதைப் பத்தி கோச்சைக் குத்தி ஒரு வார்த்தை பேசி நான் படிச்சதில்ல.

7வது மேட்ச். கடைசி ஒரு நிமிசத்துக்குள்ள, ஸ்பர்ஸ் ரெண்டே பாயிண்ட் பின்னாடி, 90-88. டங்கனைத் தடுத்து நிக்கிறது ஷேன் பாட்டியே, இவரை விட உயரம் ரொம்பக் கம்மி. ரிங்குக்கு பக்கத்துலயே ஒரு சின்ன ஹூக். வாழ்நாள்ல எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பார். தவறுச்சு. திரும்ப எம்பித் தட்டினார், அதுவும் தவறுச்சு. அடுத்த முனையில லெப்ரான் போட்டுட்டாரு. டைம் அவுட்ல ஓடி வரும்போது டங்கன் குனிஞ்சு ரெண்டு கையாலயும் தரையை ஓங்கி அடிச்சார். 16 வருசமா பார்த்த முகத்துல அப்படி ஒன்னை நான் பார்த்ததே இல்ல. பேட்டில கண்ணு கலங்கிப்போய், இந்த 7வது மேட்ச் என்னை விடாதுன்னு சொன்னாரு. அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல. போரிங்குன்னு சொன்னவங்க யாருக்காவது அந்தத் தரையில அடிச்ச சத்தம் கேட்டுச்சான்னு தெரியல.

அடுத்த வருசம் மறுபடி அதே மயாமி. மேற்குப் பிரிவு ஃபைனல்ஸ் முடிஞ்சதும் மைக்கை நீட்டினாங்க. இன்னும் நாலு ஜெயிக்கணும், இந்த தடவை ஜெயிச்சுடுவோம்னு நேரடியா சொல்லிட்டாரு. டங்கன் அப்படியெல்லாம் பேசுற ஆளே கிடையாது. 4-1ல ஜெயிச்சாங்க, எல்லா ஜெயிப்பும் பெரிய வித்தியாசத்துல. அந்த ஸ்பர்ஸ் டீம் பந்தை சுத்தி சுத்தி பாஸ் பண்ணின விதத்தை இன்னும் எடுத்துப் போட்டுப் பார்ப்பேன், ஒருத்தர் கையிலயும் பந்து நிக்காது. ஃபைனல்ஸ் எம்.வி.பி. 22 வயசு கவாய் லெனர்ட். 1999ல ஒன்னு, 2003, 2005, 2007ல மூணு, 2014ல ஒன்னு, அஞ்சு கோப்பை, மூணு பத்தாண்டுகள்லயும்.

கடைசி மேட்ச் 2016 மே மாசம், ஓக்லஹோமா சிட்டில. தோல்வி. 40 வயசுல 19 பாயிண்ட் எடுத்துட்டு, ஒத்த விரலை மேல தூக்கிட்டு உள்ள போயிட்டாரு. அந்த வருசம் கோபி பிரையன்ட் முன்கூட்டியே அறிவிச்சு ஊர் ஊரா வழியனுப்பு விழா நடந்துச்சு, அதுவும் அழகுதான், அவருக்குப் பொருத்தம். டங்கன் ஜூலை 11ல டீம் மூலமா ஒரு அறிக்கை மட்டும். பேட்டி இல்ல. மறுநாள் அவருக்குப் பதிலா போபோவிச்தான் டங்கன் முகம் போட்ட டீ-சர்ட்டோட வந்து பேசினாரு, தொண்டை அடைச்சுப் போய் பேசினாரு. 26,496 பாயிண்ட், 15,091 ரீபவுண்ட், ஒரே டீமுக்கு 1,001 ஜெயிப்பு, 19 வருசமும் பிளேஆஃப்.

அதுக்கப்புறம் சும்மாவும் இல்ல. 2017ல இர்மா, மரியானு ரெண்டு புயல் வர்ஜின் தீவுகளை அடுத்தடுத்து அடிச்சப்ப, எப்பவும் வாயே திறக்காதவர் தானே உக்காந்து ஹியூகோ நாட்களைப் பத்தி எழுதி எல்லார்கிட்டயும் உதவி கேட்டார், தன் கைக்காசையும் போட்டார், விமானத்துல சாப்பாட்டுப் பொருளை ஏத்திட்டு நேரா ஊருக்கே போனார். 13 வயசுல குளத்தை இழந்த அதே தீவு. 2019ல ஸ்பர்ஸுக்கே உதவி கோச்சா வந்தார், 2020 மார்ச்ல போபோவிச் வர முடியாத ஒரு நாள் சார்லட்டோட மேட்ச்சுக்கு தலைமை கோச்சா நின்னு 104-103னு ஜெயிச்சார். 2021ல ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க, மேடைக்குக் கூட்டிட்டுப் போனது டேவிட் ராபின்சன்.

ஆனா நான் அடிக்கடி திரும்பப் பார்க்குறது 2016 டிசம்பர் 18. அவரோட 21ம் நம்பர் ஜெர்சியை, இனி யாருக்கும் அந்த நம்பர் இல்லைன்னு, சான் அன்டோனியோல மேல ஏத்தின ராத்திரி. டங்கன் கொஞ்ச நேரம்தான் பேசினார், 30 செகண்டுக்கு மேல பேசிட்டேன், பந்தயத்துல ஜெயிச்சுட்டேன்னு சொல்லி சிரிச்சார். ஆனா அதுக்கு முன்னாடி போபோவிச் பேசினாரு. டங்கனோட அப்பா 2002ல இறந்துட்டார், அவர் ஒரு நாள் போபோவிச்சை நேருக்கு நேரா பார்த்து, என் பையன் இந்த ஆட்டத்தை முடிச்சுட்டு வெளிய வரும்போதும் இப்ப இருக்குற அதே ஆளா இருக்கணும், அதுக்கு நீங்கதான் பொறுப்புன்னு சொல்லி இருந்திருக்கார். அம்மா பையன்கிட்ட வாங்கின வாக்கு ஒன்னு, அப்பா கோச்கிட்ட வாங்கின வாக்கு இன்னொன்னு. அன்னைக்கு ராத்திரி அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னாடி போபோவிச் குரல் உடைஞ்சு போய், உயிரோட இல்லாத அந்த அப்பாவையும் அம்மாவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உங்க பையன் உள்ள வந்தப்ப எப்படி இருந்தானோ இப்பவும் அப்படியேதான் இருக்கான்னு சொன்னாரு. கேமரா டங்கன் பக்கம் திரும்புச்சு. கண்ணைக் கீழ இறக்கி உக்காந்திருந்தாரு.